ஐந்தாம் நம்பர் தொட்டிக்கு அத்தர் பூசியது யார்?

திங்கட்கிழமை காலை எட்டே கால் மணிக்குக் கௌசிகனின் போன் ஒருமுறை சிணுங்கியது.

"தொட்டி இல. 5. நிரம்பியது. 92%."

சரியாக இருபது நிமிடம் கழித்து அதே போனில் அபூசாலி பேசினார்.

"சேர், அஞ்சாம் நம்பருக்கு வந்துட்டம். இதுல நாங்க எடுக்க ஒண்டும் இல்ல சேர்."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"மூடியைத் திறந்து பாத்துட்டுத்தான் சொல்றன். குப்பை எண்டு ஒரு துண்டு இல்ல. நாங்க ஆறாம் நம்பருக்குப் போறம்."

போன் துண்டிக்கப்பட்டது. கௌசிகன் கணினித் திரையைப் பார்த்தான். ஐந்தாம் நம்பருக்கு நேரே சிவப்பு வட்டம் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றிரண்டு வீதம். அதாவது தொட்டியின் வாய்வரைக்கும் ஏதோ கிடக்கிறது. ஆனால் அபூசாலி அங்கே ஒன்றும் இல்லை என்கிறார். பதினொரு வருடமாகப் பிரதேச சபையின் குப்பை டிராக்டரில் நிற்கிற மனிதர். குப்பையைக் கண்டால் குப்பை என்று தெரியாதவரா அவர்?

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் பார்த்தான். இப்போது தொண்ணூற்று மூன்று.

கௌசிகனுக்கு இருபத்தொன்பது வயது. சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து பெட்டி படுக்கையோடு வெளிக்கிட்ட குடும்பம் உடப்பில் வந்து தங்கியபோது அவன் கைக்குழந்தை. சிலாபத்தில் ஒரு போன் திருத்தும் கடையில் ஆறு வருடம் இருந்தான். அந்த வேலையை விட்டுவிட்டு இந்தப் பிரதேச சபைக்கு வந்ததற்குக் காரணம் பன்னிரண்டு தொட்டிகள்.

டீசல் வரிசையில் நாடே காய்ந்து கருவாடான வருடம் போய், அடுத்த வருடம் அது. குப்பை டிராக்டர் வெறும் தொட்டிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து டீசலைக் குடிக்கக் கூடாது என்று கொழும்பில் யாரோ யோசித்தார்கள். மூடியின் உட்புறம் இரண்டு சின்னக் கண்கள் வைத்த தொட்டிகள் வந்து இறங்கின. அந்தக் கண்கள் அரை மணிக்கொரு தரம் தொட்டிக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம். அது எதில் பட்டு எவ்வளவு வேகமாகத் திரும்பி வருகிறது என்பதை வைத்துத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கும். நிரம்பினால் தலையில் இருக்கும் சின்னச் சூரியத் தகட்டின் பலத்தில், உள்ளே இருக்கும் சிம் வழியாகச் செய்தி அனுப்பும். செய்தி வந்த தொட்டிக்கு மட்டும் டிராக்டர் போனால் போதும்.

மூன்று மாதம் பரீட்சை. ஒவ்வொரு "நிரம்பியது" செய்திக்கும் எதிரே, எந்த வாகனம் வந்து எப்போது வெறுமையாக்கியது என்று தாளில் பதிவு இருக்க வேண்டும். பன்னிரண்டுக்கும் பதிவு பொருந்தினால் தொட்டிகள் சபைக்கே சொந்தம், கௌசிகனுக்கு நிரந்தர நியமனம். பொருந்தாவிட்டால் தொட்டிகளைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். கௌசிகன் சிலாபத்துக் கடை முதலாளியின் முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

பதினொரு தொட்டிகளில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஐந்தாம் நம்பருக்கு மட்டும், தாளில் பதினொரு வாரமாக ஒரே கோடு. அபூசாலி பேனையால் நேராக இழுத்த கோடு. பரீட்சைக்கு வரப்போகும் பொறியியலாளர் தாள்களை முன்கூட்டியே கேட்டபோதுதான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது.

"இங்க பாரும்," என்றார் சபைச் செயலாளர் குலசேகரம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "உம்மட மெஷின் ஒவ்வொரு கிழமையும் நிரம்பிச்சு எண்டு கத்துது. எங்கட ஆக்கள் ஒண்டுமில்லை எண்டு எழுதுகினம். பிறகு உம்மட மெஷினே தன்ர பாட்டுக்குப் பூச்சியத்துக்கு வருது. டிராக்டர் போகாமலே! ரெண்டில ஒண்டு பொய். எனக்கு அபூசாலியைப் பதினொரு வருசமாத் தெரியும். உம்மட மெஷினைப் பதினொரு கிழமையாத்தான் தெரியும்."

"சேர், சென்சர் பொய் சொல்லாது. அதுக்குச் சொல்லத் தெரியாது."

"அப்ப அபூசாலி சொல்லுறாரோ?"

கௌசிகனால் அதையும் நம்ப முடியவில்லை.

"வாற கிழமை வியாழக்கிழமை அவங்கள் வருகினம்," என்றார் செயலாளர். "அதுக்குள்ள என்ன மாயமெண்டு கண்டுபிடியும்."

அந்த வாரம் முழுக்கக் கௌசிகனால் ஐந்தாம் நம்பர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை. தலவிலை அன்னம்மாள் தேவாலயத்தில் திருவிழா. ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் தொட்டிகள் கோயில் வீதியில் இருந்தன. லட்சம் சனம் சோற்றுப் பார்சலும் குரும்பைக் கோதும் போட, மணிக்கொருமுறை அவை அலறின. கௌசிகன் டிராக்டரோடு டிராக்டராக ஓடினான். நடுநடுவே போனைப் பார்ப்பான். ஐந்தாம் நம்பர் செவ்வாய் எழுபத்தைந்து, புதன் தொண்ணூற்றாறு, புதன் மாலை எண்பது, வியாழன் மறுபடி தொண்ணூற்றெட்டு. குப்பை ஏறினால் ஏற வேண்டும், எடுத்தால் இறங்க வேண்டும். இதென்ன காய்ச்சல்காரனின் உடம்புச் சூடு மாதிரி ஏறுவதும் இறங்குவதும்?

பழைய பதிவுகளைப் புரட்டியதில் ஒன்று மட்டும் தென்பட்டது. அநேகமாக வெள்ளிக்கிழமைகளில், மத்தியானத்துக்குப் பிறகுதான் அது பூச்சியத்துக்கு வருகிறது. வெள்ளி மத்தியானம் டிராக்டர் ஓடுவதில்லை. டிராக்டரில் நிற்பவர்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள்.

கௌசிகனுக்குப் பொறி தட்டியது. ஐந்தாம் நம்பர் கடதாசித் தொட்டி. நீல நிறம், முகப்பில் விரித்த புத்தகத்தின் படம். யாரோ பழைய கடதாசி வாங்கும் ஆள், ஊரே தொழுகையில் இருக்கும் நேரம் பார்த்து வந்து அள்ளிக்கொண்டு போகிறான்!

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கௌசிகன் மோட்டார் சைக்கிளைப் பள்ளிவாசல் ஒழுங்கையின் முனையில் நிறுத்தினான்.

அது தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு. ஓலைக் கொட்டில்களாக இருந்த இடத்தில் இப்போது கல்வீடுகள். ஒழுங்கையின் முடிவில் பள்ளிவாசல், அதன் பின்னால் கடல்நீர் நிறைந்த களப்பு. ஐந்தாம் நம்பர் பள்ளிவாசல் மதிலோடு ஒட்டி, மூடி நெஞ்சளவு உயரத்துக்கு வரும்படி கட்டிய கொங்கிரீட் மேடையில் நின்றது. கழுதைகள் தலையை விட்டுக் கவிழ்க்காமலிருக்க எல்லாத் தொட்டிகளுக்கும் அப்படித்தான் மேடை கட்டியிருந்தார்கள்.

எதிரே ஒரு வேப்பமரத்தின் கீழ் நின்று, கௌசிகன் தொட்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்தான். போனில் தொண்ணூற்றெட்டு.

பள்ளிவாசலை இப்படி முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்நியனை இந்தக் காலத்தில் யாரும் சும்மா விடுவதில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு பேர் வந்தார்கள்.

"தம்பி எந்த ஊரு?"

"உடப்பு."

"ஆரையும் பாக்க வந்தீங்களா?"

"இல்லை... அந்தத் தொட்டியைப் பாக்க வந்தனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தொட்டியைப் பாக்க," என்றார் ஒருவர் மெதுவாக. "சரி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க? கடையில இரிங்க. தொழுதுட்டு வந்து கதைப்பம்."

அழைப்பில் மரியாதை இருந்தது. மறுக்கவும் இடமில்லாதிருந்தது. தேநீர்க் கடையின் உள்ளே கதிரை போட்டு, பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபாணும் வைத்தார்கள். கதிரையை அவன் முதுகு ஒழுங்கைக்கு இருக்கும்படி போட்டதுதான் கொடுமை. கடையில் இருந்த முதியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

தொழுகை முடிந்தது. சனம் கலைந்தது. "தம்பி இன்னொரு பிளேன்டீ?" என்று கேட்டார்கள். மேசையில் கிடந்த போன் சிணுங்கியது.

"தொட்டி இல. 5. வெறுமை. 0%."

கௌசிகன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஓடினான். ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பாய்ந்துபோய் மூடியைத் திறந்தான்.

குப்புறக் கவிழாத குறை. தொட்டிக்குள்ளிருந்து அத்தர் மணந்தது!

மீன் கழிவு மணக்கும், அழுகின வாழைப்பழம் மணக்கும், பிள்ளைகளின் பம்பர்ஸ் மணக்கும். மூன்று மாதத்தில் பன்னிரண்டு தொட்டிகளிலும் எல்லா மணமும் அவன் பிடித்தாயிற்று. எந்தத் தொட்டியும் கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி மணந்ததில்லை. எட்டிப் பார்த்தான். தூசி துரும்பு இல்லை. அடியில், வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாத துணி ஒன்று விரித்திருந்தது.

"என்ன தம்பி தேடுறீங்க?"

எதிர்வீட்டு வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் நின்றாள். அலீமா என்று பெயர். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"அக்கா, இதுக்குள்ள இருந்த குப்பையை இப்ப ஆர் எடுத்தது?"

அலீமாவின் முகம் சட்டென்று இறுகியது. "குப்பையா? இதுக்குள்ள ஆரும் குப்பை போடல்ல தம்பி. எங்கட ஆக்கள் அப்பிடிப்பட்டவங்க இல்ல."

"குப்பைத் தொட்டிக்குள்ள குப்பை போட்டா என்னக்கா பிழை?"

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "அஸ்தஃபிருல்லாஹ்! என்ன கதை கதைக்கிறீங்க?"

கௌசிகன் தடுமாறிப் போனான். தான் என்ன தப்பாகக் கேட்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்றினான்.

"சரி, இந்த வெள்ளைத் துணி?"

"நான்தான் தைச்சுக் குடுத்தன். கிழமைக்குக் கிழமை தோய்ச்சு மாத்துறது."

"ஏன்?"

"ஏனெண்டா கேக்கிறீங்க? பின்ன அழுக்குத் துணியிலயா வெக்கிற?"

"அத்தர் பூசினது?"

"அது பள்ளிவாசல் தலைவர்ட வேலை. தம்பிக்கு மணம் ஒத்துக்கொள்ளல்லையா? தலைவலியா?"

தலைவலிதான். ஆனால் அது அத்தரால் வந்ததல்ல. தொட்டிக்கு வெள்ளைத் துணி விரிப்பவர்களையும் அத்தர் தெளிப்பவர்களையும் எந்தப் பாடத்திலும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபட்டது. துணி சத்தத்தைக் குடிக்கும். எண்கள் ஏறி இறங்கியதற்கு அதுதான் காரணம். ஆனால் உள்ளே இருந்தது என்ன? எங்கே போனது?

மேலே கேட்க அவன் வாயைத் திறப்பதற்குள் அலீமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று வீட்டில் மனைவி சுஜியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கறியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நேர்த்திக்கடனோ?"

"குப்பைத் தொட்டிக்கு ஆரப்பா நேர்த்தி வைக்கிறது?"

"எங்கட கோயில் உண்டியலுக்குப் பட்டுத்துணி கட்டேல்லையோ?" என்றாள் சுஜி. "அபூசாலி அண்ணையை நேராக் கேளுமன்."

திங்கட்கிழமை கேட்டான். அபூசாலி கையுறையைக் கழற்றி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சேர் என்னைச் சோதிக்கிறீங்க போல."

"இல்லை அண்ணை, உண்மையாக் கேக்கிறன். அஞ்சாம் நம்பர் நிரம்பினா ஏன் நீங்க எடுக்கிறியள் இல்லை?"

"நிரம்பினா அவங்க பாத்துக்கொள்ளுவாங்க சேர். அதை நான் இந்த டிராக்டர்லயா ஏத்துறது? மீன் கொடலுக்கு மேலயா? எனக்கும் புள்ளை குட்டி இருக்கி. மெஷின் கூப்பிடுது எண்டு போறன். மெஷினுக்கு ஓதவா தெரியும், பாவம்."

'அவங்க' யார், மெஷின் எதற்கு ஓத வேண்டும் என்று கேட்பதற்குள் இரண்டாம் நம்பர் அலறியது. அபூசாலி டிராக்டரில் தொற்றிக்கொண்டார். எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை என்பது கௌசிகனுக்கு நன்றாகப் புரிந்தது. அது தவிர வேறொன்றும் புரியவில்லை.

வியாழக்கிழமை பொறியியலாளர் நில்மினி வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. சப்பாத்தும் தொப்பியும் போட்டிருந்தார். பேச்சு சிங்களத்தில், கேள்விகள் சுருக்கமாக. பதினொரு தொட்டிகளையும் மத்தியானத்துக்கு முன்பே பார்த்து, தாளில் டிக் போட்டுவிட்டார். கடைசியாக ஐந்தாம் நம்பர்.

ஒழுங்கைக்குள் சபை ஜீப்பும் பின்னால் டிராக்டரும் நுழைந்ததும் வாசல்களில் தலைகள் தெரிந்தன. கௌசிகனின் போனில் தொண்ணூற்றாறு.

"முன்பு அனுப்பிய தாளில் பதினொரு முறை நிரம்பியிருக்கிறது. ஒருமுறைகூட வாகனம் எடுக்கவில்லை," என்று நில்மினி தாளைத் தட்டினார். "இப்போது என் கண்முன்னால் எடுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் உங்கள் ஆட்கள் வேலை செய்யவில்லை. இல்லாவிட்டால் உங்கள் சென்சர் வேலை செய்யவில்லை."

செயலாளர் குலசேகரம் அபூசாலியைப் பார்த்தார். "எடும் அபூசாலி."

அபூசாலி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்னால ஏலா சேர். வேலையை வேணுமெண்டா எடுத்துக்கொள்ளுங்க."

செயலாளருக்கு வியர்த்தது. கௌசிகனின் காதருகே குனிந்தார். "இங்க பாரும், சென்சர் பழுது எண்டு சொல்லும். ஒரு தொட்டி பழுதானா மாத்த ஒப்பந்தத்தில இடமிருக்கு. இதைக் கழற்றிப் பாலாவிச் சந்தியில வேற ஒண்டை வைப்பம். உம்மட நியமனமும் தப்பும்."

இலகுவான வழி. ஒரு சொல் போதும். ஆனால் பதினொரு கிழமையாகத் தொட்டி சொன்னது பொய்யில்லை என்று ஒற்றையாக நின்று வாதாடியவன் அவன். இப்போது தன் வாயாலேயே அதைப் பொய்யன் என்பதா? கோபமும் குழப்பமும் ஒன்றாக ஏற, கௌசிகன் மூடியைத் திறந்து, உள்வாளியை இரண்டு கையாலும் தூக்கினான். கனத்தது. ஆக, உள்ளே இருக்கிறது! தோளில் ஏற்றிக்கொண்டு, பின்பலகை திறந்து கிடந்த டிராக்டரை நோக்கி நாலு எட்டு வைத்தான். தட்டில் காலையில் ஏற்றிய மீன் குடலில் ஈ மொய்த்தது.

"வேணாம்! வேணாம்!"

ஒழுங்கையே ஒரு குரலாகக் கத்தியது. அலீமா தலைத்துணி நழுவ ஓடிவந்தாள். தேநீர்க் கடை முதியவர் கைத்தடியோடு வந்தார். அபூசாலி பாய்ந்து வந்து வாளியைக் கௌசிகனின் தோளிலிருந்து பிடுங்கி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

"தெரியாமச் செய்யிறாரு, ஆரும் ஒண்டும் சொல்லாதீங்க," என்று அவர் சுற்றிநின்றவர்களுக்குச் சொன்னார். பிறகு கௌசிகனிடம், "சேர், உண்மையிலயே உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஒண்டுமே தெரியாது அண்ணை!" கௌசிகனுக்கு அழுகை வரும்போல இருந்தது. "ஆராவது சொன்னாத்தானே தெரியும்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளிவாசல் தலைவர் ஹயாத்து முகம்மது வந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரம், கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். வாளியில் மேலே மடித்துப் போர்த்தியிருந்த துணியை அவர் மெல்ல விலக்கிக் காட்டினார்.

உள்ளே கடதாசிகள். மதரசாப் பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள், கிழிந்த ஓதல் புத்தகத்தின் பக்கங்கள், பிஸ்மி அச்சிட்ட கலியாணக் கார்டுகள், பள்ளிவாசல் கலண்டர்த் தாள்கள். எல்லாவற்றிலும் அறபு எழுத்து.

"அல்லாஹ்ட பேர் எழுதின கடதாசியைக் கால்படுற இடத்துல போட மாட்டம் தம்பி, குப்பையில சேக்கவும் மாட்டம்," என்றார் ஹயாத்து முகம்மது. "அதுக்கெண்டு பள்ளியில ஒரு தகரப் பெட்டி இருந்திச்சி. உப்புக் காத்துல உக்கிப் போச்சி. புதுப் பெட்டி ஒண்டு தாங்க எண்டு போன வருசம் நான்தான் சபைக்குக் கடிதம் எழுதினன். பெட்டியும் வந்திச்சி. ஒசரமா மேடை கட்டி, மூடி போட்டு, முன்னுக்குக் கிதாபுப் படமும் வெச்சி. நாங்க உங்க எல்லாருக்கும் துஆச் செஞ்சம்."

அவர் பைலிலிருந்து கடிதத்தின் பிரதியை எடுத்தார். செயலாளர் குலசேகரம் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். "கடதாசிகளைப் போடுவதற்கு ஒரு பெட்டி" என்பது முதல்வரி. அதற்குக் கீழே விளக்கமாக இன்னும் எட்டு வரிகள். ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே சிவப்பு மையில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது".

"கடதாசிக்குப் பெட்டி கேட்டவை, கடதாசித் தொட்டி வந்தது, வைக்கச் சொன்னன்," என்று அவர் யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தார். மிச்ச எட்டு வரியை அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

கௌசிகன் நில்மினிக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினான். பாதியில் அவனுக்கே தலை சுற்றியது. இது தொட்டியா பெட்டியா? தொட்டி சொன்னது சரி. அபூசாலி கோடு இழுத்ததும் சரி. இரண்டும் சரியென்றால் தாள் ஏன் பிழை?

நில்மினி வாளிக்குள் குனிந்து பார்த்தார். "சென்சர் பழுதா?" என்று கேட்டார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். கௌசிகன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழுது என்றால் நாளைக்கே இதைக் கழற்றிவிடுவார்கள். அலீமா அளவு நாடாவின் நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"பழுதில்லை மிஸ். அது சொன்னதெல்லாம் உண்மை."

"அப்படியானால் பதிவு எங்கே? நிரம்பியதற்கு எதிரே வெறுமையாக்கிய நாள் வேண்டும், வாகன இலக்கம் வேண்டும். இரண்டும் இல்லாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது."

கௌசிகன் ஹயாத்து முகம்மதுவின் பக்கம் திரும்பினான். "நாநா, நீங்க இதை எங்க கொண்டுபோறனீங்க?"

"ஃபைஸல்ட வள்ளத்துல தம்பி. உச்சமுனைக்கு அங்கால, மனுசர் கால் படாத மணல்மேடு ஒண்டு இருக்கி. அங்க கெடங்கு வெட்டிப் புதைக்கிறது. முந்திக் களப்புலதான் விட்டம். காத்துக்குத் திரும்ப கரைக்கு வந்திச்சி, பாக்க மனசு கேக்கல்ல."

"எண்டைக்கு?"

"வெள்ளிக்கு வெள்ளி. ஜும்ஆ முடிஞ்ச கையோட."

நில்மினி கையை உயர்த்தினார். கௌசிகன் போனைத் திறக்கப் போனதைத் தடுத்து, "நீ காட்டாதே. அவரே சொல்லட்டும்," என்றார். "பதினொரு வெள்ளியுமா? ஒன்றுகூடத் தவறவில்லையா?"

'அநேகமாக' வெள்ளி என்பது கௌசிகனுக்குத் தெரியும். எல்லா வெள்ளியும் அல்ல. எங்கோ ஓரிடத்தில் நாள் பிசகியிருந்தது. மரியாதைக்கு இவர் "ஓம், எல்லா வெள்ளியும்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை.

ஹயாத்து முகம்மது தாடியைத் தடவினார். விரல்விட்டு எண்ணினார்.

"இல்ல," என்றார் கடைசியில். "ஒரு வெள்ளி போகேல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின கிழமை. சோழகம் பேய்க் காத்து, வள்ளம் எறக்க ஏலாமப் போச்சி. ஞாயித்துக்கிழமை விடியத்தான் போனம். சுபஹு தொழுதுட்டு."

நில்மினி கண்ணால் சைகை காட்டினார். கௌசிகன் போனில் ஜூன் மாதத்தைத் தேடினான். அந்த வெள்ளி, தொண்ணூற்றொன்று. சனி, தொண்ணூற்றொன்று. ஞாயிறு காலை ஐந்தரை, பூச்சியம்.

போனை அப்படியே அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

நில்மினி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "பன்னிரண்டில் நேரத்துக்கு வேலை நடந்தது இந்த ஒன்றில்தான் போலிருக்கிறது," என்றார். "வள்ளத்துக்கு இலக்கம் இருக்கிறதா?"

"இல்லாமலா? கடற்படை விடுவாங்களா?" என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

"ஒருமுறை வெறுமையாக்குவதை நான் நேரில் பார்க்க வேண்டும். இன்று."

"இண்டைக்கு வியாழன்," என்றார் ஹயாத்து முகம்மது தயங்கி. "வெள்ளிக்குத்தான் வழமை..."

"தலைவர், அது ஆம்பிளையள் வெள்ளிக்குத்தான் வீட்ட நிக்கிறதால வந்த வழமை," என்றாள் அலீமா. "வியாழன் போனா மணல் வேணாமெண்டா சொல்லும்? நான் மத்தத் துணியை எடுத்துட்டு வாறன்."

களப்பில் அலை இல்லை. வள்ளத்தின் முன்பக்கம் பெயின்ற் அடித்திருந்த இலக்கத்தை நில்மினி எழுத்துக் கூட்டி வாசித்துத் தாளில் எழுதினார். வாகன இலக்கம் என்ற கட்டத்தில், அபூசாலியின் பதினொரு கோடுகளுக்கும் மேலாக அதைப் பதினொரு முறை எழுதினார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். கௌசிகனும் ஏறினான். மணல்மேட்டில் ஃபைஸல் கிடங்கு வெட்ட, ஹயாத்து முகம்மது பொட்டலத்தை இறக்கி மூடினார். நில்மினி தள்ளி நின்று பார்த்தார். திரும்பும் வழியில், வள்ளத்தின் நடுப்பலகையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நியமனக் கடிதம் மாதக் கடைசிக்குள் வரும் என்றார்.

கௌசிகன் உடனே சுஜிக்கு போன் எடுத்தான்.

"கிடைச்சிட்டுது."

"நிசமாவோ? மெஷின் சரியோ, அபூசாலி அண்ணை சரியோ?"

"வீட்ட வந்து சொல்லுறன். எனக்கே இன்னும் முழுசாப் பிடிபடேல்லை."

கரையில் இறங்கியதும் அவன் முதலில் செய்த வேலை, ஐந்தாம் நம்பரின் செய்தி போகும் இடத்தில் அபூசாலியின் இலக்கத்தை அழித்துவிட்டு ஹயாத்து முகம்மதுவின் இலக்கத்தைப் போட்டதுதான். இனி அது கூப்பிட்டால் டிராக்டர் வராது.

அலீமா உள்வாளியைத் திரும்ப வைத்து, புதுத் துணியை விரித்து மூடியைச் சாத்தினாள். சிறிது நேரத்தில் ஹயாத்து முகம்மதுவின் சட்டைப் பைக்குள் போன் சிணுங்கியது. அவர் அதை எட்டத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, இரண்டு முறை படித்தார்.

"தம்பி, இது ஆரு? 'வெறுமை, பூச்சியம்' எண்டு எழுதியிருக்கி."

"அதுதான் நாநா. பெட்டி."

"பெட்டியா?"

அவர் போனையும் பார்த்தார், மதிலோரம் நின்ற பெட்டியையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் என்ன பதில் எழுதுற?"